தேத்தண்ணிக் கடைக்காரர் கட்டிய கணினி

அலுவலக வேலைக்கென்று உலகிலேயே முதன்முதலில் ஒரு கணினியை வாராவாரம் ஓடவிட்டது யார் என்று கேட்டால், உங்களில் பலர் ஐபிஎம் என்பீர்கள். சிலர் அமெரிக்க இராணுவம் என்பீர்கள். சரியான விடை, ஒரு தேத்தண்ணிக் கடை. பகிடி இல்லை. 1951 நவம்பரில், லண்டன் ஹமர்ஸ்மித்தில், ஜே. லயன்ஸ் அன்ட் கோ என்ற நிறுவனம் தன் பேக்கரிகளின் வாராந்தக் கணக்கை ஒரு கணினியிடம் கொடுத்தது. கேக் எவ்வளவு, பாண் எவ்வளவு, பை எவ்வளவு, எதற்கு என்ன செலவு என்ற கணக்கு. அந்தக் கணினியையும் அவர்களே கட்டியிருந்தார்கள். பொறியியலில் முதுமாணிவரை படித்த எனக்கு வகுப்பில் எவரும் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொன்னதில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இயந்திரம் இல்லை. "யார் இதற்குப் புரோகிராம் எழுதுவது?" என்ற கேள்வி வந்தபோது அந்த நிறுவனம் எங்கே ஆள் தேடியது என்பதுதான். இப்போது பல்கலைக்கழகம் முடித்து வரும் தம்பி தங்கைகள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: தொடக்கநிலை வேலைகளை எல்லாம் ஏஐ செய்துவிட்டால், நாங்கள் எங்கே தொடங்குவது? எழுபது வருடங்களுக்கு முன் இதே மாதிரியான ஒரு மாற்றத்துக்குள் நின்ற சிலரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் லயன்ஸ் யார் என்று சொல்லவேண்டும். 1894இல் பிக்கடிலி வீதியில் 213ஆம் இலக்கத்தில் தங்கள் முதல் தேநீர்க் கடையைத் திறந்தார்கள். பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள், 'கோர்னர் ஹவுஸ்' எனப்பட்ட பெரிய உணவகங்கள், பேக்கரிகள், ஐஸ்கிரீம், கிரீன்ஃபோர்டில் ஒரு பெரிய தேயிலைத் தொழிற்சாலை. கிரீன்ஃபோர்ட் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். ஈலிங் அம்மன் கோயிலிலிருந்து கார் ஓட்டினால் கொஞ்ச நேரம்தான். கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் போட்ட அவர்களுடைய பரிசாரகிகளை 'நிப்பி' என்று அழைத்தார்கள். பிரிட்டனில் அந்தப் பெயர் தெரியாதவர் இருக்கவில்லை.

இப்படியான வியாபாரத்தில் ஒவ்வொரு விற்பனையும் சில பென்ஸ் மட்டுமே. ஒரு கோப்பை தேநீர், ஒரு பன். அதில் மிஞ்சும் லாபம் மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்துக்கும் ஒரு பில் உண்டு, ஒரு சரக்குக் கணக்கு உண்டு, அதைக் கொண்டுவந்து வைத்தவருக்கு ஒரு சம்பளச் சீட்டு உண்டு. காகிதத்துக்குச் செலவாகும் காசு கூடினால் லாபம் காணாமல் போய்விடும். அதனால் லயன்ஸ் தன் அலுவலகத்தை ஒரு தொழிற்சாலையைப் போலவே கவனித்தது. எந்தப் படிவம் ஏன் இருக்கிறது, எந்தக் கணக்கை யார் எதற்காக இரண்டு தரம் எழுதுகிறார் என்று ஆராய்வதற்கே தனியாக ஒரு பகுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த மூளை ஜோன் சிமன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்தர வகுப்பில் தேறி, 1923இல் லயன்ஸில் சேர்ந்தவர். நாள் முழுக்க ஒரே கூட்டல் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பது ஒரு மனிதருக்கு ஏற்ற வேலையே இல்லை என்பது அவருடைய எண்ணம். செலவைக் குறைக்கும் கணக்கும் அவரிடம் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை.

எழுதுவினைஞர் வேலை என்றால் எங்கள் ஆட்களுக்கு அது வெறும் வேலையாக இருந்ததில்லை. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று அம்மம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எங்கள் பூட்டன்மார் பலர் மலாயா ரயில்வேயில் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் போய்த்தான் யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டினார்கள். நல்ல கையெழுத்து, பிழையில்லாத கூட்டல், ஆங்கிலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பம் மேலே வந்துவிடும். எனவே இனி வருவது இங்கிலாந்துக்காரரின் கதை மட்டும் என்று வாசிக்க வேண்டாம். எந்தத் தொழில் எங்களைத் தூக்கிவிட்டதோ, அந்தத் தொழிலையே ஒரு இயந்திரம் விழுங்கத் தொடங்கிய இடம் இது.

1947இல் லயன்ஸ், தொம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. யுத்த காலத்தில் அங்கே அலுவலக முறைகள் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்த்துவரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். பிரின்ஸ்டனில் ஹேர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணிதவியலாளர், உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மொரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒரு கணினி கட்டுகிறாரே, அது தெரியாதா என்று கேட்டாராம். திரும்பி வந்து வில்க்ஸைச் சந்தித்தார்கள். லயன்ஸ் 3,000 பவுண் பணமும், லெனார்ட்ஸ் என்ற தன் ஊழியர் ஒருவரையும் கேம்பிரிட்ஜுக்குக் கொடுத்தது. 1949 மே 6ஆம் தேதி அந்த 'எட்சாக்' கணினி ஓடியது. உடனே லயன்ஸ், ஜோன் பிங்கர்ட்டன் என்ற இளம் பொறியியலாளரின் தலைமையில், தன் கட்டடத்துக்குள்ளேயே சொந்தக் கணினியைக் கட்டத் தொடங்கியது. அதற்கு லயன்ஸ் எலக்ட்ரோனிக் ஒஃபிஸ், சுருக்கமாக 'லியோ', என்று பெயர். கிட்டத்தட்ட 6,000 வால்வுகள், நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒரு பெரிய அறை முழுவதையும் பிடித்துக்கொண்ட அந்த நினைவகத்தில் ஈராயிரத்துச் சொச்சம் எண்கள்தான் கொள்ளும். உங்கள் போனில் இருக்கும் ஒரு ஸ்டிக்கருக்கே அது காணாது.

இயந்திரம் ஆயத்தம். புரோகிராம் எழுதுவது யார்?

1951இல் கணினி அறிவியல் பட்டதாரி என்று ஒருவர் உலகத்தில் இல்லை. பல்கலைக்கழகங்களில் இருந்த ஒரு கைப்பிடிக் கணிதவியலாளர்களை வலைவீசிப் பிடிக்கலாம். லயன்ஸ் வேறு வழியில் போனது. தன் அலுவலகங்களிலேயே வேலை செய்பவர்களை அழைத்தது. ஒரு வாரம் நீளும் ஒரு பயிற்சி: பகல் முழுக்க விரிவுரை, இரவில் வீட்டுப்பாடம். கணினி என்றால் என்ன, அதற்கு எப்படிக் கட்டளை கொடுப்பது என்று முதல் நாள் கேட்டவர், வாரம் முடிவதற்குள் தானே சிறு புரோகிராம் எழுதிக் காட்டவேண்டும். பயிற்சி என்று பெயர் வைத்தாலும் அது உண்மையில் ஒரு பரீட்சை. ஆனால் எப்படியான பரீட்சை என்று பாருங்கள். உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அது கேட்கவில்லை. தெரியாத ஒன்றை உன் முன்னே வைத்தால் ஐந்து நாளில் அதை எவ்வளவு பிடிப்பாய் என்று கேட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை.

தேறியவர்களில் ஒருவர் மேரி பிளட். கல்யாணத்துக்குப் பிறகு மேரி கூம்ப்ஸ். பல்கலைக்கழகத்தில் படித்தது பிரெஞ்சு. தகப்பன் லயன்ஸில் வைத்தியராக இருந்ததால் விடுமுறை வேலைக்காக அங்கே போனவர், ஐஸ்கிரீம் விற்பனை அலுவலகத்தில் இருந்து புள்ளிவிபரப் பகுதிக்கு மாறி, 1952இல் அந்த வாரத்தைக் கடந்து லியோவுக்கு வந்தார். வணிகத்துக்குப் புரோகிராம் எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடித்துத் திருத்துவதில் கெட்டிக்காரி. அந்தக் காலத்துப் பிழை திருத்தம் என்றால், இயந்திரம் புரிந்துகொள்ளும் எண்களையே வரிவரியாக வாசிப்பது.

இன்னொருவர் ஃபிராங்க் லாண்ட். 1928இல் பேர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். நாசிகளிடம் இருந்து தப்பி, 1939இல் பிரிட்டனுக்கு வந்தது அந்தக் குடும்பம். லண்டனில் பொருளியல் படித்துவிட்டு, 1952இல் லயன்ஸில் செலவுக் கணக்குப் பகுதியில் ஒரு சாதாரண எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அதே வருடம் அவரையும் அந்தப் பயிற்சிக்கு அழைத்தார்கள். தேறினார்.

இந்த இடத்தில் என்னால் என் அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஊரில் அவர் ஒரு கணக்காளர். 80களின் கடைசியில் லண்டன் வந்து, பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தே எங்களைப் படிப்பித்தார். கல்லாப்பெட்டி ஒரு பென்ஸ் பிசகினாலும் எங்கே பிசகியது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். டாக்ஸி ஓடிய ஆசிரியர், ஹோட்டலில் கோப்பை கழுவிய எஞ்சினியர். சான்றிதழ் எந்த நாட்டுச் சான்றிதழ் என்று கேட்டார்களே தவிர, ஒரு வாரம் இருத்திவைத்து என்ன செய்கிறார் பார்ப்போம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஃபிராங்க் லாண்டுக்கும் என் அப்பாவுக்கும் இடையில் திறமையில் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. கிடைத்த ஐந்து நாளில் நிச்சயம் வித்தியாசம் இருந்தது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பாதிக் கதை. மீதி, தேர்ந்தெடுத்தவர்களை எப்படி வளர்த்தார்கள் என்பது. அந்தப் பொறுப்பு டேவிட் கமினரிடம் இருந்தது. 1936இல் லயன்ஸில் முகாமைப் பயிலுநராகச் சேர்ந்தவர். யுத்தத்தில், துனீசியாவில், ஒரு காலை இழந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடுமையான மனிதர். அவருடைய பகுதியில், எழுதியவரே தன் புரோகிராமைச் சரிபார்த்தால் போதாது. இன்னொருவர் தாளில் வைத்து வரிவரியாக நடந்து பார்க்கவேண்டும். உள்ளே போகும் தரவு சரி என்று எப்படித் தெரியும், வெளியே வரும் மொத்தம் எதனுடன் ஒத்துப்போகவேண்டும் என்பதற்கும் பதில் இருக்கவேண்டும். இன்று நாங்கள் 'கோட் ரிவியூ' என்று பெரிதாகப் பேசுவதை அந்த ஆட்கள் 50களின் தொடக்கத்திலேயே பென்சிலால் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தேநீர்க் கடை ஒவ்வொன்றும் அடுத்த நாளுக்கு என்னென்ன வேண்டும் என்று தினமும் தலைமையகத்துக்குச் சொல்லவேண்டும். பழைய முறையை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால், கடைக்குக் கடை நீண்ட பட்டியல்களை நிரப்பி அனுப்ப, அதை இங்கே ஒருவர் அட்டையில் துளையிட்டு ஏற்றவேண்டும். லியோ ஆட்கள் வேலையையே மாற்றி அமைத்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் கிழமைக்கு ஏற்ற வழக்கமான ஓடர் ஒன்று இயந்திரத்திடம் இருக்கும். கடை மனேஜர் அம்மா பின்னேரம் ரெலிபோனில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும்: இன்றைக்கு பன் இரண்டு டசின் கூட, பை ஒரு டசின் குறைய. இங்கே ஹெட்செட் போட்ட பெண் கேட்கக் கேட்க நேராக அட்டையில் துளையிடுவார். கொஞ்ச நேரத்தில் எந்த வானில் எதை ஏற்றுவது என்ற பட்டியல் வந்துவிடும். 1954இல் இது நடந்தது. ஓர் எழுதுவினைஞரின் மேசையையும் ஒரு கடையின் காலை நேரத்தையும் அறிந்தவர்களால்தான் இப்படி ஒன்றை யோசித்திருக்க முடியும்.

ஆலோசகர் என்ற பெயரில் பல நிறுவனங்களுக்குள் போய்வருபவன் நான். பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. முதலில் மென்பொருளை வாங்குவார்கள். பிறகு வேலை தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டு, இது ஏன் சரியாக ஓடவில்லை என்று கேட்பார்கள். ஓரிடத்தில், எந்த விநியோகஸ்தர் ஒரே பில்லை இரண்டு தரம் அனுப்புவார் என்று இருபது வருட அனுபவத்தில் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு அம்மாவை அனுப்பிவிட்டு, சில மாதங்களில் அவரையே நாட்கூலிக்குத் திரும்ப அழைத்தார்கள். பழைய சம்பளத்தைவிட இரண்டு மடங்கு வாங்கினார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் என்பதை ஒளிக்கமாட்டேன்.

சரி, லயன்ஸில் மிச்ச எழுதுவினைஞர்களுக்கு என்ன நடந்தது? ஒரு தொழிலாளியின் வாரச் சம்பளத்தைக் கணக்கிட ஒரு கைதேர்ந்த எழுதுவினைஞருக்கு எட்டு நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை விநாடி. 30,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இதை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். பெரிய வேலைநீக்கக் கலவரம் எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு லயன்ஸின் நல்ல மனது மட்டும் காரணம் இல்லை. யுத்தத்துக்குப் பிந்திய பிரிட்டனில் வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். விலகிப்போனவரின் கதிரையை நிரப்பாமல் விட்டாலே போதும். அந்தக் காலம் அவர்களுக்குக் கைகொடுத்தது. இன்றைக்கு உங்களுக்கு அப்படிக் கைகொடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஒரு வாரப் பயிற்சிக்கு அழைக்கப்படாத நூற்றுக்கணக்கானோரைப் பற்றி வரலாற்றில் அதிகம் எழுதப்படவும் இல்லை.

அழைக்கப்பட்டவர்களுக்குள்ளும் எல்லாருக்கும் பாதை ஒரே நீளம் இல்லை. மேரி கூம்ப்ஸ் மற்றவர்களை மேற்பார்வை செய்யும் இடம்வரை வந்தார். 1964இல் பிள்ளை பிறந்த பிறகு முழுநேர வேலை முடியாமல், வீட்டிலிருந்து கையேடுகளைத் திருத்தும் பகுதிநேர வேலைக்கு இறங்கவேண்டி வந்தது. 1969இல் அதையும் விட்டார். இப்படி வெளியே தள்ளப்பட்ட பெண்களைத்தான் ஸ்டெபனி ஷேர்லி என்பவர் 1962இல் வலைபோட்டுத் தேடினார். அவரும் 1939இல் ஐந்து வயதில் பெற்றோர் இல்லாமல் ரயிலேறி இங்கிலாந்து வந்த யூதப் பிள்ளை. வீட்டில் இருந்தே புரோகிராம் எழுதும் தாய்மாரை வைத்து ஒரு நிறுவனம் தொடங்கினார். பெண் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராது என்று 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருள் அந்தத் தாய்மாரின் சமையலறை மேசைகளில் எழுதப்பட்டது.

இந்தக் கதைக்கு இன்னொரு முனையும் உண்டு. அது எங்களுடையது. லியோ செய்த வேலைகளில் தேயிலைக் கலவைக்கான கையிருப்புக் கணக்கும் ஒன்று. லண்டன் ஏலத்துக்கு வந்த தேயிலையில் பெரும் பங்கு இலங்கை மலையகத்தில் இருந்து வந்தது. அதைக் கொய்தவர்கள் தமிழர். லியோ சம்பளக் கணக்குப் போட்ட அதே 1954இல், தோட்டங்களிலும் ஒரு சம்பளக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் செக்ரோல். கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்து, குறித்த நிறை இருந்தால் ஒரு 'பேர்' போடுவார். குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது அரைநாள் சம்பளம். தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. தேர்வு எழுதி அரசாங்க உத்தியோகத்துக்குப் போகும் கதையே இல்லை. ஒரே தேயிலை. அதன் லண்டன் முனையில் ஐஸ்கிரீம் அலுவலகத்துப் பெண் ஒருவரை இருத்திவைத்து உனக்கு இது வருமா என்று கேட்டார்கள். மறுமுனையில் கேட்டது நிறையை மட்டும்.

லியோ பின்னர் தனி நிறுவனமானது. 1954இல் தொடங்கிய லியோ கம்பியூட்டர்ஸ், வில்ஸ் சிகரெட் நிறுவனம், ஸ்டூவர்ட்ஸ் அன்ட் லொயிட்ஸ் உருக்கு நிறுவனம் எனப் பலருக்கும் இயந்திரம் விற்றது. ஃபோர்ட் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கும் லியோவில் ஓடியது. வாங்கியவர்களின் ஊழியர்களுக்கும் அதே முறையில் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் கேக் விற்ற காசில் ஐபிஎம்முடன் எவ்வளவு காலம் ஓடமுடியும்? 1963இல் இங்கிலிஷ் எலக்ட்ரிக்குடன் இணைந்தது. 1968இல் அது ஐசிஎல் என்ற பெரிய நிறுவனத்துக்குள் கரைந்தது. தாய் நிறுவனமான லயன்ஸையே 1978இல் ஒரு மதுபான நிறுவனம் வாங்கிவிட்டது. அவர்கள் செய்த இயந்திரங்கள்தான் பிடிவாதம் பிடித்தன. தபால் திணைக்களம் வாங்கிய லியோக்கள் 1981வரை பிரிட்டனின் ரெலிபோன் பில்களைப் போட்டுக்கொண்டிருந்தன.

ஆட்களும் அழிந்துபோகவில்லை. செலவுக் கணக்கு எழுதுவினைஞராக வந்த ஃபிராங்க் லாண்ட் 1967இல் லண்டன் ஸ்கூல் ஒஃப் எகனொமிக்ஸுக்குப் போய், வணிக நிறுவனங்களுக்குள் கணினியை எப்படிக் கொண்டுவருவது என்பதை ஒரு பாடமாகவே உருவாக்கினார். பிரிட்டனின் முதல் தகவல் முறைமைப் பேராசிரியர் ஆனார். மேரி கூம்ப்ஸ் 2022இல், 93 வயதில் காலமானார். லியோவில் வேலை செய்தவர்கள் ஒரு சங்கம் வைத்து, ஒவ்வொருவருடைய அனுபவத்தையும் அவரவர் குரலிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ரயிலில் போகும்போது கேளுங்கள். வால்வு, பாதரசம் எல்லாம் புரியாவிட்டாலும், முதல் நாள் காலை அந்தப் பயிற்சி அறைக்குள் நுழைந்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று ஒவ்வொருவரும் சொல்லும் இடம் உங்களுக்கு நன்றாகவே புரியும்.